அறப்பள்ளி மலையின் இல்வாழ்வான்

கொல்லிமலை என்ற அளவில் சைவ நன்மக்களின் உள்ளம் சென்று நிற்கும் இடங்கள் சில உள. அறப்பளீசுவரர் திருக்கோயில் ஒன்று. அதன் அருகே ஐயாற்று நீர் பாறையினின்று வீழும் ஆகாயகங்கை ஒன்று. சித்தர்கள் தவம் புரிந்தன எனப்படும் குகைகளும் அவர்கள் கண்டறிந்தன எனப்படும் மூலிகைகளும் மற்றொன்று. தமிழ் கற்றோராயின், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியையும் சங்கச் செய்யுட்கள் கூறும் கொல்லிப்பாவையையும் நினைவர். பண்ணறிந்தோர், திருநாவுக்கரசு சுவாமிகள் திருவதிகையில் சூலை நோயுடன் அருளிச்செய்த முதற் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்ததை எண்ணி, மலையின் பெயரும் பண்ணின் பெயரும் ஒன்றாயிருத்தலை வியப்பர். இவற்றுள் எதுவும் குறைவுடையது அன்று. ஆயினும் குகைக்குச் செல்லும் வழியோரத்தில் ஏர் பிடித்து நிற்கும் ஒருவன் உளன். வழி கேட்பதற்கு மட்டுமே அவனை மக்கள் அறிவர். "பெரியவரே, சித்தர் குகைக்கு எப்படிப் போகவேண்டும்?" என்று வினவுவர். "அந்தப் பலாமரத்துக்கு அப்பால் மேற்கே திரும்புங்க, சாமி" என்று அவன் கைகாட்டுவான். அவ்வளவோடு அவர்க்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடும்.

வியப்பு யாதெனின், அறப்பள்ளி இறைவன்பேரால் தமிழில் வழங்கும் நூல் குகையைப் பாடவில்லை என்பதே. இராம நாடகம் இயற்றிய சீகாழி அருணாசலக் கவிராயரின் புதல்வராகிய அம்பலவாணக் கவிராயர், மதவேள் என்னும் வள்ளலை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகத்தை இயற்றினார். அதனைத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மனப்பாடம் செய்தனர். அந்நூலில் பெரிதும் பேசப்படுவது மனையாள், மக்கள், உடன்பிறந்தார், ஆசான், மாணாக்கன், உழுவோன், வாணிகன் முதலாயினார் ஒழுகவேண்டிய முறையே. சட்டி பானையும் கடனும் உறவும் நிறைந்த இல்வாழ்க்கையைச் சொல்லிச் செய்யுள்தோறும் அறப்பளீசுர தேவனை விளித்து முடிப்பது அந்நூலின் போக்கு. தேவாரத்தில் பெயர் சுட்டப்பெற்ற வைப்புத்தலத்து இறைவனுக்கு இல்லற நூலையே மாலையாகச் சாத்திய கவிராயரின் கருத்து ஆராயத்தக்கது. சித்தரைத் தேடி மலையேறுவோர் அச்சதகத்தை ஒருமுறை ஓதிவிட்டு ஏறுவராயின், வழிகாட்டியவனைச் சற்று நின்று நோக்குவர்.

அவன் யார்? மலையாளி என்பது அவன் குடிப்பெயர். இது கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லன்று. மலையை ஆள்வோர் என்பதே பொருள். காஞ்சிமாநகரிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபுரை. சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை ஆகியவற்றிலும் இக்குடியினர் உளர். பேசும் மொழி தமிழே. கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்பன அவற்றுட் சில. அறப்பள்ளி வளப்பூர் நாட்டின்கண் உள்ளது. நாடு என்னும் சொல்லைச் சோழர் கல்வெட்டுக்களில் தேடிப் படிப்போர், அது இன்றும் உழவர் நாவில் வழங்குதலை இம்மலையிற் கேட்கலாம். 1997 வரையில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மலை அவ்வாண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் உளது.

ஏறத்தாழ எழுபது பிராயம் எய்திய மலைக்குடியானவன் ஒருவனை மனத்திற் கொள்க. பெயர் வேண்டா, அவன் போல்வார் ஒவ்வொரு நாட்டிலும் உளர். அவன் பிறந்தது மண் சுவரும் புல்வேய்ந்த கூரையும் உடைய சிறு வீடு. கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவனுக்குக் கிடைத்த முதல் அலுவல் கிளிகடிதல். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளியோட்டும் மகளிரைச் சங்கப் புலவர் பாடினர். புலவர் பாடாத செய்தி, அவ்வேலையிற் பாதி சிறுவர்க்கு உரியது என்பது. அதன்பின் ஆடு, அதன்பின் மாடு. மாடு மேய்க்கையில் எந்த இலையை மாடு தின்னும், எதனைத் தின்னாது, எக்கிழங்கை மனிதர் தின்னலாம் என்பனவற்றை அவன் கற்றான். மூலிகை தேடி வருவோர் அரும்பெரு மறைபொருள் என்று கருதுவனவற்றுட் பல இங்ஙனம் மாடு மேய்க்கும் சிறுவர்க்கு எளிதின் விளங்குவன.

ஓடைகளில் மீன்பிடிக்கக் கற்ற அச்சிறுவனே, திருக்கோயிலை ஒட்டிய ஆற்றில் மட்டும் கைவைத்தலாகாது என்றும் கற்றான். அவ்வாற்று மீன்களை ஒருவன் பிடித்து அறுத்துக் குழம்பிலிட, அவை உயிர்பெற்றுத் துள்ளி நீரில் மீண்டன என்பது தலவரலாறு. வழிபடுவோர் மீன்களுக்கு உணவிட்டே கோயிலுட் புகுதல் வழக்கம். மனம்போனபடி கொள்ளலாகாத ஓர் எல்லை உலகில் உண்டு என்பதை அவன் ஏட்டில் கற்றிலன். அவ்வாற்றின் கரையில் நின்று கற்றான்.

எழுத்துக் கல்வி அவனுக்கு வாய்த்தது சிறிதே. பள்ளி தொலைவில் இருந்தது; வீட்டிலோ கைகள் வேண்டியிருந்தன. பிற்காலத்தில் அரசினர் பழங்குடியினர்க்கென அமைத்த உண்டு உறைவிடப் பள்ளிகளில் அவன் மக்கள் பயின்றனர். அவன் தந்தையின் காலத்திலோ காடு பற்றிய வழக்கே பெரிதாயிருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின்வழி மலைக்காடுகள் ஒதுக்கப்பட்டபின், காட்டை வெட்டி எரித்துப் புனம் விதைத்து, சில ஆண்டுகள் கழித்து இடம்மாறும் பழைய உழவு குறுகிற்று. பாட்டன் புனம் கண்ட இடத்தில் பேரன் விறகு பொறுக்குதலும் குற்றமாயிற்று. 2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்படும்வரையில், காட்டில் வாழ்வோர்க்குக் காட்டின்மேல் உள்ள உரிமையைச் சட்டம் இவ்வாறு தெளிவுற ஏற்றதில்லை.

உரிய வயது வந்ததும் மாமன் மகளை மணந்தான். பரிசம் மணமகன் வீட்டார் கொடுப்பது. பெண்ணைப் பெற்றோர் பொருள் தந்து மணமகனை விலைக்கு வாங்கும் கீழ்நாட்டு வழக்கம் மலையில் இல்லாதிருந்தது. நாகரிகம் மிக்கோர் எனத் தம்மைக் கருதிக்கொள்ளும் சமவெளி மக்கள் இதனை எண்ணி நாணுதல் தகும். பரிசத்திற்குக் கடன்பட்டான், அக்கடனைச் சில ஆண்டுகள் உழைத்து அடைத்தான். ஊர்க்கவுண்டர் முன்னிலையில் வாய்ச்சொல்லாக நின்ற கடன் அது.

இனி அவன் உழவு. கொல்லிமலையின் மேற்றளம் கடல் மட்டத்திற்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. பள்ளத்தாக்கில் நீர் தேங்கும் இடம் வயல், அங்கே நெல். சரிவில் வானம் பார்த்த கொல்லை; அங்கே சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. ஏர் செல்லும் இடத்தில் ஏர். ஏர் செல்லாச் சரிவில் கொத்து. ஒரு சாமை என்று நாம் சொல்வது அவனுக்குப் பல: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை எனப் பெயர்கள் நீளும். கேழ்வரகில் சுருட்டையும் கருங்கேழ்வரகும், தினையில் செந்தினையும் மூக்காந்தினையும் அவன் வேறு பிரித்து அறிவான். சிறு மழைக்கு ஒன்று. வளமற்ற மண்ணுக்கு ஒன்று. விரைவில் விளைந்து பசி தணிப்பது ஒன்று. வைக்கோல் மிகுதியாய்த் தந்து மாட்டைக் காப்பது ஒன்று. ஒரு வகை பொய்த்தால் மற்றொரு வகை கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. தமிழ் நூல்களைக் கற்றோர் ஒரு பொருட் பல்சொல் என்று நிகண்டில் காண்பது ஒன்று. இஃது ஒரு சொற் பல்பொருளாய்க் கொல்லையில் விளைந்து நின்றது.

விளைந்ததைக் குற்றுதல் மனைவியின் பாடு. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் இட்டு உலக்கையால் குற்றி, புடைத்து, மீண்டும் குற்றுதல் வேண்டும். வயலில் ஆடவன் பட்ட வருத்தத்தைப் புகழ்ந்துரைப்போர் வீட்டில் பெண் பட்ட வருத்தத்தைப் பெரும்பாலும் மறப்பர். பகலெல்லாம் களையெடுத்து வந்து, மறுநாள் சோற்றுக்கு இரவில் உலக்கை பிடித்த கைகளே அக்குடும்பத்தை நிறுத்தின. சாமை கொல்லிமலையில் குறைந்தமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. உலக்கையை விட்டு விடுபட விரும்பிய பெண்ணை யார் குறை கூற வல்லார்?

தொம்பையில் தானியம் நிறைந்தவுடன் முதற்கண் பிரித்து வைக்கப்படுவது விதை. நல்ல கதிர்களைத் தேர்ந்து, சாம்பலோ வேப்பிலையோ கலந்து, தனியே கட்டி வைப்பர். ஆனி, ஆடி மாதங்களில் தொம்பையின் அடி தெரியும், பலாப்பழமும் காட்டுக்கிழங்கும் உண்டு நாள் கழியும், குழந்தை அழும். அப்பொழுதும் விதைக்கட்டு அவிழாது. இதனை எண்ணும்போது சைவர் உள்ளத்தில் இளையான்குடி மாற நாயனார் தோன்றாமல் இரார். நள்ளிரவு மழையில் வந்த அடியார்க்கு அமுது செய்விக்க வழியின்றி, அன்று பகலில் விதைத்த நெல்லையே இருளில் சென்று வாரிக்கொணர்ந்தார் அவ்வடிகள். வரலாறு கேட்போர் மாறனாரின் அன்பை வியப்பர். உழுவோன் கேட்கின் அச்சமும் கொள்வன். விதையை எடுத்தல் என்பது வரும் ஆண்டின் வாழ்வை எடுத்தல் என்பதை அவனன்றோ அறிவான்? அச்செயலின் அருமை, விதைக்கட்டை அவிழாது பசித்திருந்தவனுக்கே முழுதும் விளங்கும். மனைவியார் அவ்விரவில் உடன்பட்டு நின்றமையும் அவன் மனைவிக்கே விளங்கும்.

மலைப்பொருளை விற்கக் கீழிறங்குதல் அவன் நடுவயதின் பெரும்பகுதியைக் கொண்டது. இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகிறது. அதற்கு முற்பட்ட காலத்தார் பலாவையும் வாழைத்தாரையும் மிளகையும் தலைச்சுமையாகவே காட்டுத்தடங்களில் கொண்டிறங்கி, சேந்தமங்கலத்திலும் பேளுக்குறிச்சிச் சந்தையிலும் விற்று, உப்பும் துணியும் கொண்டு ஏறினர். சுமையோடு இறங்கியவன் அதனை மீளத் தூக்கி ஏற மாட்டான் என்பது வாங்குவோர்க்குத் தெரியும்; ஆதலின் விலையை அவர்களே கூறினர்.

அடிவாரக் காடுகளில் காய்ச்சலும் இருந்தது. இதனைப் பற்றிப் பேசும்போது சைவர் கேட்டு மனம் வருந்தவேண்டிய செய்தி ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. இங்கிலாந்திலிருந்து வந்த கிறித்தவ ஊழியர் ஜெசி பிராண்டு என்பவர் 1913இல் தம் மனைவி எவலின் அம்மையாருடன் இம்மலையில் குடியேறி, மருந்து கொடுத்தும் பள்ளி வைத்தும் வாழ்ந்து, 1929இல் அம்மலைக் காய்ச்சலுக்கே இரையானார். அவர்தம் மகன் பால் பிராண்டு 1914இல் பிறந்து, பின்னாளில் தொழுநோயாளர் கைகளைச் செப்பனிடும் மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்றார். எவலின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காது, 1974இல் மறைந்தார். அவர்கள் கொள்கை வேறு; மதமாற்றம் அவர்தம் நோக்கங்களுள் ஒன்று என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் அவர்கள் மலையேறியது நோயாளியை நாடி. நம்மவர் ஏறுவது சித்தரை நாடி. அறப்பளீசுவரர் எழுந்தருளியுள்ள மலையில் காய்ச்சலுற்றுக் கிடந்த குடியானவனுக்கு மருந்து நீட்டிய கை சைவர் கையாயிருந்திருக்கலாம்.

அவன் வாழ்வின் பிற்பகுதியில் மரவள்ளி வந்தது. சேலம், ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சாலை வந்தபின் லாரி கொல்லையின் ஓரத்திற்கே வரும். குற்றுதல் இல்லை, புடைத்தல் இல்லை. பிடுங்கிக் கொடுத்தால் பணம். மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்பிற்கும் பணம் வேண்டியிருந்த அவன், ஒரு கொல்லையில் மரவள்ளி நட்டான். மறு ஆண்டு இரண்டில் நட்டான். பழித்தற்கு யாதும் இல்லை. பணம் வந்தது, ஓட்டு வீடு எழுந்தது. மிளகுக்கொடி படர்த்துவதற்குச் சில்வர் ஓக்கு மரமும் வைத்தான். ஆனால் விலை சரிந்த ஆண்டில் ஆலைக்கிழங்கைத் தொம்பையில் சேர்த்து வைத்துக் காத்திருத்தல் இயலாது. சரிவில் கிழங்கு பிடுங்குந்தோறும் தளர்ந்த மண் மழையோடு இறங்கிற்று. மேலும், விருந்தினர் வரின் அரிசியைக் கடையில் வாங்கியே சமைத்தல் வேண்டியதாயிற்று. பல வீடுகளில் விதைக்கட்டு ஒவ்வொன்றாய் மறைந்தது. ஒரு வகைச் சாமையை மூன்று ஆண்டு விதையாது விட்டவன், நான்காம் ஆண்டில் விதைக்க விரும்பினும் விதைக்கு எங்கே போவான்?

ஈண்டு ஒரு கூற்றை மறுத்தல் வேண்டும். மலைமக்களின் வறுமையைப் பற்றிப் பேச்செழும்போது, "அஃது அவரவர் பிராரத்தம், நாம் என் செய்வது?" என்று சித்தாந்தத்தின் பெயரால் சொல்வார் சிலர் உளர். வினை நுகர்ந்தே தீரும் என்பது உண்மை. அந்நுகர்வினை ஊட்டுவான் இறைவன் என்பதும் உண்மை. ஆனால் பிறர் பசியைக் கண்டவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அது விடையாகாது. பசித்தவன் நுகர்வது அவன் வினை. கண்டும் வாளா செல்பவன் அச்செயலால் ஈட்டுவது இவன் ஆகாமியம். மாறனார் தம் வாயிலில் வந்த அடியாரின் பசியை அவ்வடியாரின் பிராரத்தம் என்று கூறிக் கதவடைத்திருப்பின் பெரியபுராணத்தில் அவர்க்கு இடம் ஏது? குயவர், உழவர், நெசவர், வண்ணார், பரதவர் எனத் தொழில் செய்து மனைவி மக்களோடு வாழ்ந்தாரைச் சேக்கிழார் பெருமான் அடியாராகக் காட்டினார். அவ்வரிசையை நாள்தோறும் போற்றும் நாவு, சித்தர் குகையின் வழியில் நிற்கும் உழவனைப் பார்த்து வழி மட்டும் கேட்டல் பொருந்துமா என்பதே வினா.

சிலர் செய்ததும் உண்டு. 1988இல் சென்னையில் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், 1990களிலிருந்து இம்மலையில் மறைந்துவரும் சிறுதானிய வகைகளைத் தேடித் தொகுத்தனர். ஊரார் பொறுப்பில் விதை வங்கிகள் அமைய உதவினர். உமி நீக்கும் பொறிகளையும் ஊர்களில் நிறுவினர். பொறி வந்தது சிறு செய்தி போலத் தோன்றும். உலக்கை பிடித்த கைகளைக் கேட்டால் அதன் அளவு தெரியும். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அதன்பின் நகரத்துக் கடைகளில் சாமையும் தினையும் அழகிய உறைகளில் விலைபெறுகின்றன. மலையில் அவை கூழாக இருந்த காலத்தில், அவற்றை உண்டவனை ஏழை என்று உலகம் இகழ்ந்தது.

அவன் மக்களுள் மூத்தவன் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குச் சென்றான். தன் உடன்பிறந்தானையும் அழைத்துக்கொண்டான். ஆடிப்பதினெட்டுக்கு இருவரும் மலைக்கு வருவர். அந்நாட்களில் அறப்பள்ளியில் கூட்டம் பெருகும். ஓரிக்கு அரசினர் எடுக்கும் விழாவும் அப்பொழுதே நிகழும். வருவோர்க்குப் பலாச்சுளையும் அன்னாசியும் விற்கச் சிலர் கடை போடுவர். அவன் கடை போடுவதில்லை. வீட்டுத் திண்ணையில் தண்ணீர்க்குடம் வைத்திருப்பான். நடந்து களைத்து வருவோரை, "உட்கார்ந்துவிட்டுப் போங்க, சாமி" என்பான்.

சென்ற ஆடியில் மூத்த மகன், பாட்டன் கொல்லை ஒன்றில் மீண்டும் தினை விதைக்கலாமா என்று தந்தையைக் கேட்டான். கேட்டதற்குக் காரணம் நகரக் கடையில் அவன் கண்ட விலையே, அதனால் குற்றமில்லை. கிழவன் உள்ளே சென்று, பரணிலிருந்து துணிமுடிச்சு ஒன்றை எடுத்து வந்தான். கொல்லையெல்லாம் கிழங்கான ஆண்டுகளிலும் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பாத்தி அளவு மூக்காந்தினையை ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, அம்முடிச்சை அவனும் மனைவியும் மாற்றிக் கட்டி வைத்திருந்தனர். பாதியை மகனுக்கு அளந்து கொடுத்தான். மீதியை முன்போலவே முடிந்து பரணில் வைத்தான்.